ஒரு கைதியின் நோட்டுகள் கடந்து வந்த வழி

கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு அது. இத்தாலியின் தெற்கே பாரி நகருக்கு அருகிலுள்ள தூரி என்ற சிற்றூரின் சிறையில், 7047 என்ற எண் கொண்ட கைதிக்குக் கொடுக்கப்பட்டது. நோட்டில் சிறை முத்திரை உண்டு, சிறை அதிகாரியின் கையெழுத்தும் உண்டு. முதல் பக்கத்தில் 1929 பிப்ரவரி 8 என்று தேதி. அதன் கீழே, பொடிப்பொடியான, தெளிவான கையெழுத்தில் 16 தலைப்புகள்.

எழுதியவர் அந்தோனியோ கிராம்ஷி. இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர். 1926 நவம்பர் 8 அன்று ரோமில் கைதானார். 1928 ஜூனில் முசோலினியின் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனை 20 ஆண்டு, 4 மாதம், 5 நாள். இந்த மூளையை இருபது ஆண்டுக்கு வேலை செய்யவிடக் கூடாது என்று அரசு வழக்கறிஞர் வாதிட்டதாகச் சொல்வார்கள். அறையில் உட்கார்ந்து குறிப்பெழுத அனுமதி கிடைத்ததே 1929 ஜனவரியில்தான்.

அப்படிப்பட்டவர் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருப்பார்? இத்தாலிய முதலாளி வர்க்கத்தின் வளர்ச்சி, தெற்குப் பகுதியின் பிரச்சினை, கத்தோலிக்க அமைப்புகள், அமெரிக்கத் தொழிற்சாலை முறை ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. இவை நாம் எதிர்பார்ப்பவை. ஆனால் 4-வது தலைப்பு, பத்திரிகைத் தொடர்கதைகளை மக்கள் ஏன் விடாமல் படிக்கிறார்கள் என்பது. 5-வது, தாந்தேயின் ‘டிவைன் காமெடி’யில் காவல்காந்தே என்ற பாத்திரத்தின் இடம். பிறகு நாட்டார் வழக்காறு, இத்தாலிய மொழிச் சிக்கல், பத்திரிகைகளின் வகைகள், மொழியியலில் புதிய போக்குகள். கடைசியாக 16-வது, ‘பாதிரியார் பிரெஷியானியின் வாரிசுகள்’ என்று அவர் பெயர் சூட்டிய எழுத்தாளர் கூட்டம். பதினாறில் ஏழு மொழியையும் இலக்கியத்தையும் சேர்ந்தவை.

சிறையில் பொழுது போக வேண்டுமே என்று அந்த ஏழு தலைப்புகளையும் அவர் சேர்க்கவில்லை. தன் இயக்கம் ஏன் தோற்றது என்று புரிந்துகொள்ள ஒரு புரட்சிக்காரர் தேர்ந்தெடுத்த வழி இலக்கிய விமர்சனம். பிற்பாடு அந்த நோட்டுகளை வெட்டுக்காயங்களிலிருந்து மீட்டதும் இலக்கிய விமர்சனத்தின் ஆதி வேலையான மூலபாட ஆய்வுதான். நோட்டுகள் போன வழியிலேயே போய்ப் பார்த்தால் இரண்டும் தெரியும்.

கிராம்ஷி 1891இல் சார்டீனியாத் தீவில் பிறந்தவர். உதவித்தொகை பெற்று 1911இல் தூரின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மொழியியலில் பேராசிரியர் பார்த்தோலியின் செல்லப்பிள்ளை. இத்தாலிய இலக்கியத்தை உம்பெர்த்தோ கோஸ்மோவிடம் படித்தார். பட்டம் வாங்காமலே அரசியலுக்குப் போய்விட்டார். 1916 முதல் சோஷலிஸ்ட் கட்சி நாளேடான ‘அவந்தி’யின் தூரின் பதிப்பில் நாடக விமர்சனம் எழுதினார். பிரந்தெல்லோ ஊருக்கு ஊர் கேலிக்கு ஆளான காலத்திலேயே அவருடைய நாடகங்களை மதித்து எழுதியவர்களில் ஒருவர். 1922இல் மாஸ்கோவில் இருந்தபோது, இலக்கியம் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த டிராட்ஸ்கி, இத்தாலியின் எதிர்காலவாதக் கவிஞர்களைப் பற்றி இவரிடம்தான் குறிப்புக் கேட்டார். கிராம்ஷி எழுதிக் கொடுத்த கடிதம் டிராட்ஸ்கியின் ‘இலக்கியமும் புரட்சியும்’ நூலிலேயே அச்சானது.

இதற்கிடையில் நடந்தது பெருந்தோல்வி. 1920 செப்டம்பரில் இத்தாலியத் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளைத் தங்கள் கையில் எடுத்தார்கள். இரண்டே ஆண்டில் முசோலினி ஆட்சிக்கு வந்தார். தொழிற்சாலையைப் பிடித்தவர்களால் நாட்டின் மனத்தைப் பிடிக்க முடியவில்லையே, ஏன்? கிராம்ஷியைச் சிறை முழுக்க விடாமல் துரத்திய கேள்வி இதுதான். அவருடைய இலக்கியக் குறிப்புகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து முளைத்தவை.

நோட்டு கைக்கு வரும் முன்பே திட்டம் தயாராக இருந்தது. 1927 மார்ச் 19 அன்று மிலான் சிறையிலிருந்து மனைவியின் அக்கா தானியாவுக்கு எழுதிய கடிதத்தில், காலத்துக்கும் நிற்கும்படி எதையாவது செய்ய ஆசைப்படுவதாகச் சொல்லி நான்கு திட்டங்களை வரிசைப்படுத்துகிறார்: இத்தாலிய அறிவாளிகளின் வரலாறு, ஒப்பீட்டு மொழியியல், பிரந்தெல்லோவின் நாடகம், தொடர்கதைகளும் மக்களின் ரசனையும். நான்கில் எதுவும் நேரடி அரசியல் இல்லை. நான்குக்கும் அடியில் ஓடும் சரடு ஒன்றே என்று அவரே சொல்கிறார்: மக்களின் படைப்பு மனம்.

சிறை நூலகத்தில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மட்டரக நாவல்கள். யூஜின் சூ, போன்சோன் து தெராய் மாதிரியான பிரெஞ்சுத் தொடர்கதைக்காரர்கள். அரசியல் கைதி கல்லிலும் நார் உரிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்ற பொருளில் 1929இல் ஒரு கடிதம் எழுதினார். இந்தக் குப்பையை ஏன் ஜனங்கள் இத்தனை ஆவலோடு வாங்குகிறார்கள், அவர்களுடைய எந்தத் தேவையை இது தீர்க்கிறது என்ற கேள்வியோடு படித்தால் குப்பையும் பேசும் என்பது அவர் கண்டது. அவருக்குக் கிடைத்த விடை கசப்பானது. இத்தாலிய எழுத்தாளர்கள் தங்கள் மக்களை விட்டு வெகுதூரம் போய்விட்டார்கள். ஆகவே இத்தாலிய வாசகன் பிரெஞ்சுக் கதையில் அழுகிறான், பிரெஞ்சு வரலாற்றில் கோபப்படுகிறான். உணர்ச்சிக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் மக்களிடம் போய்ப் புரட்சி பேசியிருக்கிறோம். ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ பற்றி அவர் சொன்னது இன்னும் கூர்மை. அதிமனிதன் என்ற எண்ணத்தை நீட்சேயிடமிருந்து கற்றதாகப் பெருமையடிப்பவர்கள் பலர் உண்மையில் அதை டூமாவின் நாவலில்தான் பெற்றிருப்பார்கள் என்றார். ஃபாசிஸ்டுகளின் வீரத் தோரணை எந்தக் கடையில் வாங்கியது என்று இதைவிடத் தெளிவாக ஒருவரும் காட்டவில்லை.

துப்பறியும் கதைகளையும் அவர் இதே கவனத்தோடுதான் படித்தார். செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுன், ஷெர்லாக் ஹோம்ஸ் பாணியை உள்ளிருந்தே பகடி செய்வதாகத் தானியாவுக்கு எழுதுகிறார். கானன் டாயில் சுமாரான எழுத்தாளர், செஸ்டர்டன் பெரிய கலைஞர் என்பது அவர் தீர்ப்பு. செஸ்டர்டன் கத்தோலிக்கப் பற்றாளர், கம்யூனிசத்தின் எதிரி. அது அந்தத் தீர்ப்பைத் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நோட்டுகள். சிறையில் எல்லா நோட்டுகளையும் ஒரே சமயத்தில் அறையில் வைத்துக்கொள்ள முடியாது. புத்தகங்களுக்கும் தடைகள் இருந்தன. சில நூல்களுக்காக ஆட்சித் தலைவரான முசோலினிக்கே மனு எழுத வேண்டியிருந்தது. புத்தகச் செலவை ஏற்றவர் பியேரோ ஸ்ராஃபா என்ற நண்பர். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பொருளியலாளர். பின்னாளில் மாணவர் அமர்த்திய சென்னுக்கு வழிகாட்டியவரும் இவரே. மிலானில் ஒரு புத்தகக் கடையில் கிராம்ஷிக்காகக் கணக்குத் திறந்து, வேண்டிய புத்தகம் அனுப்பச் சொல்லிவிட்டார். கிராம்ஷியின் கடிதங்களைத் தானியா படியெடுத்து ஸ்ராஃபாவுக்கு அனுப்புவார். அவர் வழியாக அவை வெளிநாட்டில் இருந்த கட்சித் தலைமைக்குப் போகும்.

அவர் எழுதிய விதத்தைச் சிறையில் உடனிருந்த குஸ்தாவோ திரோம்பெட்டி சொல்லியிருக்கிறார். அறைக்குள் மேலும் கீழும் நடப்பாராம். ஏதோ பிடிபட்டதும் மேசையருகே வந்து, ஒரு முழங்காலை முக்காலியில் ஊன்றி, நின்றபடியே சில வரி எழுதிவிட்டு மறுபடி நடையாம். பக்கத்தில் காவலர் அறை, இரவில் கதவுச் சத்தம், தூக்கமில்லை. முதலில் வந்தது வந்தபடி எழுதுவார். பிறகு அதையே திருத்தி விரித்து, பொருள்வாரியாகப் பிரித்த வேறொரு நோட்டில் பெயர்த்து எழுதுவார். பெயர்த்ததும் பழையதன்மேல் மெல்லிய சாய்கோடுகள் போடுவார். கோட்டுக்கு அடியில் பழைய வரிகள் இன்றும் படிக்கும்படியாகவே இருக்கின்றன. அவரே அழிக்காமல் விட்ட அந்த வரிகள் பின்னால் பெரிய வழக்குக்கு உரியவையாயின.

நோட்டு 4இல் காவல்காந்தே வருகிறார். கிராம்ஷியின் இலக்கிய விமர்சனத்தில் ஒன்றே ஒன்றைப் படிக்க முடியுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

‘இன்ஃபெர்னோ’வின் 10-வது காண்டம். மதத்தை மறுத்தவர்கள் நெருப்புக் கல்லறைகளில் கிடக்கிறார்கள். ஒரு கல்லறையிலிருந்து ஃபாரினாத்தா இடுப்பளவு நிமிர்ந்து எழுகிறான். நரகத்தையே இகழ்ந்து பார்க்கும் கம்பீரம். அவன் தாந்தேயோடு பிளாரன்ஸ் அரசியல் பேசிக்கொண்டிருக்கும்போது, அதே கல்லறையில் இன்னொரு தலை மோவாய் வரை தெரிகிறது. அது காவல்காந்தே, தாந்தேயின் நண்பனான கவிஞன் குய்தோவின் தந்தை. மகனும் கூட வந்திருக்கிறானா என்று சுற்றும்முற்றும் தேடுகிறார். தாந்தே பதில் சொல்லும்போது குய்தோவைப் பற்றி இறந்தகாலத்தில் ஒரு வினைச்சொல் விழுந்துவிடுகிறது. அப்படியென்றால் என் மகன் உயிரோடு இல்லையா என்கிறார் தந்தை. தாந்தே ஒரு கணம் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு கிழவர் மல்லாந்து விழுகிறார். மறுபடி எழவில்லை. ஃபாரினாத்தா கழுத்தைக்கூடத் திருப்பாமல், விட்ட இடத்திலிருந்து அரசியல் பேச்சைத் தொடர்கிறான். பிறகு ஒரு விளக்கம் சொல்கிறான்: இங்கே இருப்பவர்களுக்கு எதிர்காலம் தெரியும், நிகழ்காலம் தெரியாது.

காலங்காலமாக விமர்சகர்களின் கண் ஃபாரினாத்தா மேல்தான். இத்தாலியின் பெரும் விமர்சகரான பிரான்செஸ்கோ தெ சாங்க்டிஸ் அவனைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1921இல் பெனெதெத்தோ குரோச்சே தாந்தே பற்றி நூல் வெளியிட்டபோது, காப்பியத்தைக் கவிதை ஒரு பக்கம், கட்டுமானம் ஒரு பக்கம் என்று பிரித்தார். இறையியல், விளக்கவுரை, நரகத்தின் விதிகள் எல்லாம் கட்டுமானம். கவிதை அவற்றுக்கு நடுவே பூத்துக் கிடப்பது. இந்தக் கணக்குப்படி நரகத்தாருக்கு நிகழ்காலம் தெரியாது என்ற ஃபாரினாத்தாவின் விளக்கம் வெறும் கட்டுமானம். ரசிகன் தாண்டிப் போய்விடலாம்.

கிராம்ஷி அந்த இடத்தில்தான் மறித்தார். அந்த விளக்கம் இல்லாவிட்டால் காவல்காந்தே ஏன் விழுந்தார் என்பதே வாசகனுக்கு விளங்காது. மகன் இருக்கிறானா இல்லையா என்று அறிய முடியாததே அந்தத் தந்தைக்கு விதித்த தண்டனை. கண்முன்னே சில நொடி நடந்த கூத்து முழு அளவில் நம் மனத்தில் எழுவது ஃபாரினாத்தா விதியைச் சொன்ன பிறகுதான். தாந்தே தந்தையின் துயரத்தை வருணிக்கவில்லை. மகளைப் பலி கொடுக்கும் அகமெம்னானின் முகத்தைத் திரையிட்டு மறைத்த பழைய ஓவியரைப் போலவே செய்தார். ஆகவே கட்டுமானம் என்று ஒதுக்கப்பட்டதுதான் கவிதையின் முதுகெலும்பு. காண்டத்தில் நடப்பது ஃபாரினாத்தாவின் நாடகம் மட்டுமல்ல, காவல்காந்தேயின் நாடகமும்தான் என்பது அவர் முடிவு.

இதில் அரசியல் எங்கே என்றால், குரோச்சேயில். அந்நாளைய இத்தாலியப் படிப்பாளிகளுக்கு அவர் வாக்கே வேதம். கலை வேறு, கருத்து வேறு என்று அவர் போட்ட வேலி, படித்தவர்கள் நாட்டு நடப்பிலிருந்து மனச்சாட்சி உறுத்தாமல் விலகி நிற்க வசதியாக இருந்தது. அந்த வேலி தாந்தேயிலேயே நிற்காது என்று காட்டினால் வேறு எங்கும் நிற்காது. மேடையில் முழங்கி அதைச் சாதிக்க முடியாது. ஒரு காண்டத்தை வரி வரியாகப் படித்துத்தான் சாதிக்க முடியும். கிராம்ஷி அப்படித்தான் செய்தார். இந்த வாசிப்பை 1918இலேயே ‘அவந்தி’யில் ஒரு பத்தியில் தொட்டிருந்தார். சிறையில் அது முதிர்ந்தது.

தன் வாதம் சரிதானா என்று அறிய ஆள் வேண்டுமே. 1931 செப்டம்பர் 20 அன்று காண்டம் பற்றிய சுருக்கத்தைக் கடிதமாகத் தானியாவுக்கு எழுதி, பழைய ஆசிரியர் கோஸ்மோவிடம் சேர்க்கச் சொன்னார். இருவருக்கும் இடையில் பழைய பிணக்கு ஒன்று உண்டு. கோஸ்மோவைக் கட்சிப் பத்திரிகையில் கடுமையாகத் தாக்கி எழுதியவர் கிராம்ஷி. ஆனாலும் 1922இல் பெர்லினில் இத்தாலியத் தூதரகத்தில் எதிர்பாராமல் சந்தித்தபோது, கோஸ்மோ ஓடிவந்து கட்டிக்கொண்டு, தாடி முகத்தில் குத்தக் குத்த அழுதுவிட்டாராம். ஸ்ராஃபா மூலம் கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. வாதத்தில் வலு இருக்கிறது, மேலும் வளர்க்கலாம் என்று பதில் வந்தது. தாந்தே பேச்செல்லாம் கட்சித் தலைமைக்கு அனுப்பிய ரகசியச் சேதி என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த ஊகம் எனக்குத் தேவைப்படவில்லை. நிகழ்காலத்திலிருந்து அடைக்கப்பட்ட ஒரு மனிதர், நிகழ்காலம் தெரியாதவர்களின் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார், அதுவே போதும். 1932 டிசம்பர் 30 அன்று சார்டீனியாவில் அவருடைய தாய் இறந்தார். வீட்டார் அவரிடம் சொல்லவில்லை. பிறகும் அவர் தாய்க்குக் கடிதம் எழுதினார்.

1933 நவம்பரில் உடல்நிலை காரணமாகத் தூரியை விட்டுக் கொண்டுபோனார்கள். புறப்படும்போது கிராம்ஷி காவலருக்குப் பேச்சுக் கொடுக்க, திரோம்பெட்டி நோட்டுகளைப் பெட்டிக்குள் துணிமணிகளோடு வைத்துவிட்டார். அடுத்து ஃபோர்மியா நகரில் காவலோடு கூடிய மருத்துவமனை. அங்கே 1934இல், இலக்கிய விமர்சனத்துக்கென்றே ஒரு நோட்டை ஒதுக்கினார். இன்று அது 23-வது என்று எண்ணப்படுகிறது. அதன் மையத்தில் தெ சாங்க்டிஸ் இருக்கிறார். 1848 புரட்சிக்குப் பின் நேப்பிள்ஸ் கோட்டையில் மூன்றாண்டு அடைபட்டுக் கிடந்த விமர்சகர் அவர். பாதிரியார் பிரெஷியானியின் பிற்போக்கு நாவலைக் கிழித்துத் தோரணம் கட்டியவரும் அவரே. பண்பாட்டுக்காகப் போராடுகிற சூட்டையும் நல்ல கலைக்கும் போலிக்கும் வித்தியாசம் பார்க்கிற கண்ணையும் ஒன்றாகக் கொண்ட விமர்சனம் நமக்கு வேண்டும் என்கிறார் கிராம்ஷி.

அதே நோட்டில் அவர் கட்சிக்காரர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டு எழுத்தாளர்கள் ஒரே காலத்தை, ஒரே வர்க்கத்தைப் பேசலாம். ஒருவர் கலைஞர், மற்றவர் வெறும் கிறுக்கல்காரர். இருவரும் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிவிட்டு விமர்சனம் முடிந்தது என்று எழுந்துவிட்டால், கலை பற்றிய கேள்வியைத் தொடவேயில்லை என்று பொருள். புதிய கலை வேண்டுமென்று கலைஞர்களைச் செய்துவைக்க முடியாது. புதிய வாழ்க்கைக்காகப் போராடினால் அதிலிருந்து கலைஞர்கள் பிறப்பார்கள். இதை அவர் தொகுத்து எழுதிய அதே 1934இல், ஆகஸ்ட் மாதம், மாஸ்கோவில் சோவியத் எழுத்தாளர் மாநாடு கூடி எல்லோரும் எப்படி எழுத வேண்டும் என்று விதி வகுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தீவிர இடதுசாரி அரசியலுக்கு இலக்கியத்தோடு எந்த உறவு நன்மை செய்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1935 நடுவில் கை ஓய்ந்தது. 1937 ஏப்ரல் 21 அன்று தண்டனைக் காலம் முடிந்தது. 27 அன்று ரோம் மருத்துவமனை ஒன்றில் மூளை இரத்தக் கசிவால் இறந்தார். வயது 46. மொத்தம் 33 நோட்டுகள்: 29 குறிப்புகள், 4 மொழிபெயர்ப்புப் பயிற்சிகள்.

தானியா அவற்றைக் கையில் எடுத்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி ரோமன் எண் போட்டார். அந்த எண்களில் உள்ள குழப்பத்தை வைத்து, இன்னொரு நோட்டு இருந்து தொலைந்தது என்று வாதிட்டவர்களும் உண்டு, நிரூபணமாகவில்லை. வங்கிப் பெட்டகத்தில் சிலகாலம் இருந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. ரோமிலிருந்த சோவியத் தூதரகத்தின் வழியாக நோட்டுகள் மாஸ்கோ போய்ச் சேர்ந்தன. ஃபாசிச அரசின் முத்திரை குத்திய நோட்டுகளை, ஸ்டாலின் ஆட்சி உச்சத்திலிருந்த நகரம் பத்திரப்படுத்தியது. தானியா 1943இல் காலமானார். அச்சான ஒரு பக்கத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. அந்த அம்மாள் இல்லையென்றால் நோட்டு எதுவும் மிஞ்சியிருக்காது.

மாஸ்கோவில் நோட்டுகளைப் படித்தவர், கிராம்ஷியின் தூரின் கால நண்பரும் அப்போதைய கட்சித் தலைவருமான பல்மீரோ தோலியாத்தி. 1941 ஏப்ரலில் அவர் கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவர் திமித்ரோவுக்கு எழுதிய கடிதம் இன்று கிடைக்கிறது. நோட்டுகளைக் கவனமாகச் செப்பனிட்ட பிறகே பயன்படுத்த முடியும், சில பகுதிகள் உள்ளபடியே வெளிவந்தால் கட்சிக்கு உதவாமல் போகலாம் என்று அதில் சொல்கிறார்.

போர் முடியும் தறுவாயில் நோட்டுகள் இத்தாலி திரும்பின. முதலில் கடிதங்கள் நூலாயின. 1947இல் எய்னாவ்தி பதிப்பகம் 218 கடிதங்களை வெளியிட்டது. அந்த ஆண்டே வியரேஜியோ இலக்கியப் பரிசு கிடைத்தது. கிராம்ஷி சிறையில் எதிர்த்து எழுதிய குரோச்சே அந்த நூலைப் படித்துவிட்டு, சிந்தனையாளர் என்ற வகையில் இவர் எங்களவர் என்று மனமாரப் பாராட்டினார். ஆனால் கட்சித் தலைமைக்கு வேண்டாதவர்களான போர்திகா, டிராட்ஸ்கி, ரோசா லுக்சம்பர்க் பெயர்கள் வந்த இடங்களில் கத்தரி விழுந்திருந்தது. 1965இல் வந்த பதிப்பில்தான் கடிதங்கள் 428 ஆயின, வெட்டுகளும் சரிசெய்யப்பட்டன.

நோட்டுகளைத் தோலியாத்தியும் ஃபெலிச்சே பிளத்தோனேயும் 1948 முதல் 1951 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார்கள். பல நோட்டுகளில் சிதறிக் கிடந்த குறிப்புகளைப் பொருள்வாரியாகப் பிரித்து, தேதிகளைக் கழற்றி, முதல் வரைவுகளை விலக்கி, சீராக அடுக்கினார்கள். இலக்கியக் குறிப்புகள் ‘இலக்கியமும் தேசிய வாழ்வும்’ என்ற பெயரில் 1950இல் தொகுதியாயின. பழைய நாடக விமர்சனங்களும் அதில் சேர்ந்தன. அந்த ஆறு தொகுதிகள் இல்லாவிட்டால் கிராம்ஷியை உலகம் அறிந்திருக்காது. தோலியாத்திக்கு அந்த நன்றி உண்டு. ஆனால் யோசித்து யோசித்து மாற்றிக்கொண்டே போன மனிதரின் கேள்விகள் அந்த அடுக்கில் முடிந்த பதில்களாகத் தெரிந்தன. 1932இல் ஒரு மாதிரியும் 1934இல் வேறு மாதிரியும் சொன்னது ஒரே மூச்சில் சொன்னதாக மாறியது.

விளைவு இலக்கிய உலகில் உடனே தெரிந்தது. மக்களின் தேசிய இலக்கியம் ஏன் இல்லை என்று கிராம்ஷி கேட்டிருந்தார். கட்சி விமர்சகர்கள் சிலர் அதை, அப்படி எழுது என்ற கட்டளையாக நாவலாசிரியர்கள்முன் வைத்தார்கள். இதற்குச் சற்று முன்புதான், அதே எய்னாவ்தி வெளியிட்ட ‘பொலித்தெக்னிகோ’ இதழின் ஆசிரியர் எலியோ வித்தோரினி, புரட்சிக்கு ஒத்து ஊதுவது எழுத்தாளன் வேலையாகாது என்று தோலியாத்தியோடு பகிரங்கமாக மோதியிருந்தார். இதழ் 1947இல் நின்றது. நோட்டு 23 ஒழுங்காகப் படிக்கப்பட்டிருந்தால் கிராம்ஷி வித்தோரினி பக்கம்தான் அதிகம் சாய்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். 1957இல் கவிஞர் பசோலினி கிராம்ஷியின் கல்லறையை முன்வைத்துக் கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். 1965இல் இளம் விமர்சகர் ஆசோர் ரோசா, மக்கள் மக்கள் என்ற இந்தப் பேச்சே தொழிலாளர் அரசியலை மழுங்கடித்தது என்று இடதுசாரிப் பக்கத்திலிருந்தே தாக்கினார். அவர் தாக்கியதில் பாதி கிராம்ஷியை அல்ல, அடுக்கி வைத்த கிராம்ஷியை.

இதற்கு மருந்து நோட்டிலேயே இருந்தது. தன் சிந்தனையை முறையாகத் தொகுத்து எழுதாத ஒரு சிந்தனையாளரை எப்படிப் படிப்பது என்று மார்க்ஸை மனத்தில் வைத்து அவர் விதி எழுதியிருக்கிறார். அவரே வெளியிட்டது எது, இறந்தபின் மற்றவர்கள் வெளியிட்டது எது என்று பிரி. கால வரிசையைக் கண்டுபிடி. தனி வாக்கியத்தைப் பிடித்துத் தொங்காமல், சிந்தனை வளர்ந்த ஓட்டத்தைத் தேடு. முடிக்காமல் விட்டதை ஆசிரியர் உயிரோடு இருந்தால் தள்ளியும் இருக்கலாம் என்பதை மறக்காதே. வேறொரு நோட்டின் தொடக்கத்தில், இவையெல்லாம் ஓட்டமாக எழுதியவை, பிழை இருக்கும், சரிபார்க்க வேண்டும் என்று முன்னெச்சரிக்கையும் தருகிறார். மொழியியல் மாணவர் எழுதிய விதி இது. அவருடைய நோட்டுகளுக்கே அது பொருந்தும் என்று அவரைப் பின்பற்றியவர்கள் உணர ஒரு தலைமுறை ஆயிற்று.

உணர்ந்து செய்தவர் வாலெந்தினோ ஜெர்ரத்தானா. போர்க்காலத்தில் ஃபாசிச எதிர்ப்புப் படையில் இருந்தவர். மூல நோட்டுகளோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் எப்போது தொடங்கப்பட்டது என்று கண்டு, அந்த வரிசையில் எண் கொடுத்தார். கிராம்ஷி சாய்கோடு போட்ட முதல் வரைவுகளைச் சிற்றெழுத்திலும், திருத்தி எழுதியவற்றைப் பேரெழுத்திலும் அச்சிட்டார். 1975இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. பாடபேதம் பார்க்கிற பதிப்பாசிரியரின் பொறுமை ஒரு புரட்சிக்காரரை அவருடைய கட்சியின் அன்புப் பிடியிலிருந்து விடுவித்தது.

ஆங்கிலத்துக்கு 1971இல் ஹோரும் நோவெல் ஸ்மித்தும் ஒரு தேர்ந்த தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். மேலாதிக்கம் (மக்களின் இணக்கத்தைப் பெற்று ஆள்வது), அறிவாளிகள், அரசு, வரலாறு எல்லாம் அதில் உண்டு. தாந்தேயும் தொடர்கதையும் இல்லை. அவை 1985இல்தான் வேறு தொகுப்பாக வந்தன. எட்வர்ட் செய்த் 1978இல் ‘ஓரியண்டலிசம்’ எழுதும்போது, வரலாறு நமக்குள் பட்டியலில்லாத எண்ணற்ற சுவடுகளை விட்டுச் சென்றிருக்கிறது என்ற கிராம்ஷியின் பகுதியை எடுத்தாண்டார். அந்தப் பட்டியலை முதலில் தயாரிக்க வேண்டும் என்று முடியும் வரி ஆங்கிலத்தில் விடுபட்டிருப்பதை இத்தாலிய மூலத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துச் சொன்னார். செயலுக்கு அழைக்கிற வரி அதுதான். அதைக் கண்டுபிடிக்க ஓர் இலக்கிய விமர்சகர் வர வேண்டியிருந்தது.

1982இல் வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ என்ற நூல்வரிசையின் முதல் தொகுதி முன்னுரையில், அடித்தட்டு மக்களின் வரலாற்றை ஆராயக் கிராம்ஷி வகுத்த ஆறு அம்சத் திட்டத்தைத் தங்கள் முன்மாதிரியாகக் குறிப்பிட்டார். இந்திய வரலாற்றெழுத்தின் போக்கே அதில் திரும்பியது. தமிழில் எஸ்.வி.ராஜதுரையும் வ.கீதாவும் கிராம்ஷியைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஆனாலும் நம்மிடம் புழங்குகிற கிராம்ஷி, பெரும்பாலும் அந்த 1971 தொகுப்பின் வழியே வந்தவர். மேடையில் அவர் சொல்லாக வருவது ‘மேலாதிக்கம்’ ஒன்றே. கல்லறையில் மல்லாந்து விழுந்த காவல்காந்தேயும், யூஜின் சூவின் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் ஏன் இதைப் படிக்கிறார்கள் என்று கேட்ட கைதியும் நம் விவாதங்களில் எட்டிப் பார்ப்பதேயில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதையிலும் சினிமாவிலும் ஊறி வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வி மிகவும் வேண்டியது.

மூல நோட்டுகள் இன்று ரோமில் கிராம்ஷி அறக்கட்டளையின் பாதுகாப்பில் இருக்கின்றன. தமிழில் அவற்றைக் கொண்டுவர நினைக்கும் பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலக்கிய நோட்டுகளிலிருந்து தொடங்குங்கள். 4, 21, 23 ஆகிய மூன்றும் போதும். தேதியை எடுக்காதீர்கள், வரிசையை மாற்றாதீர்கள், அவர் கோடு போட்டு விட்டுவைத்த வரிகளையும் சிற்றெழுத்தில் சேர்த்து அச்சிடுங்கள்.